தராசில் ஏறிய இரவல் பிள்ளை

அந்தக் குழந்தையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தராசுக் கூடையில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. உதைக்கும்போதெல்லாம் கூடை ஆடியது. அது ஆடுவதைப் பார்த்துச் சிரித்தது. கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. கஞ்சி வாசனை போகாத புதுச் சட்டை. தலைமயிரில் சாம்பிராணிப் புகையின் மணம்.

தூக்கிக்கொண்டு வந்தவள் அஞ்சலை. தேங்காய்த்திட்டு மீனவர் குப்பத்துப் பெண். புதன்கிழமை தோறும் அவள் என்னிடம் கொண்டுவரும் பிள்ளை வேறு. அவன் பெயர் ஏழுமலை. அவனுக்குத் தொடையில் மடிப்பு கிடையாது. சிரிக்க அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

என் முதுகுக்குப் பின்னால் மூன்று நாற்காலிகளில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்களுக்கு மானியம் கொடுக்கும் உதவிக் கமிட்டியின் தலைவி. பிரெஞ்சு அம்மாள், எல்லோருக்கும் அவர் மதாம். ஒரு பக்கம் கமிட்டிக்கு நன்கொடை தரும் ஜவுளி வியாபாரி. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்.

எடை போடுவதற்கு முன் குழந்தையின் துணியைக் களைந்துவிட வேண்டும் என்பது நான் படித்த முறை. களைந்தேன். பெண் குழந்தை.

"பெயரைக் கேள்" என்றார் மதாம், பிரெஞ்சில்.

கேட்டேன்.

"ஏழுமலை" என்றாள் அஞ்சலை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மல்லாட்டைக் கிடங்கு

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கதையை, பேறுகாலப் பயிற்சி முடித்து வெள்ளைச் சேலையோடு வீட்டுக்கு வந்த நாளில் நிறுத்தியிருந்தேன். அடுத்து வந்த வேலைதான் இது.

வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கத்தில், நிலக்கடலை அடுக்கிவைத்த பழைய மல்லாட்டைக் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கிச் சுண்ணாம்படித்து, தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் இடமாக்கினார்கள். எத்தனை முறை கழுவினாலும் தரையிலிருந்து எண்ணெய் வாசனை போகவில்லை. மழை பெய்தால் இன்னும் தூக்கலாக வரும்.

என்னை வேலைக்கு வைத்தபோது அங்கே இருந்தவை: ஒரு பெரிய அடுப்பு, இரண்டு அண்டா, ஒரு பெஞ்சு, கமிட்டி கொடுத்த பித்தளைத் தராசு, அதன் எடைக்கற்கள், பிலோமினா.

பட்டியலில் பிலோமினாவைக் கடைசியில் வைத்தது சரியில்லை. அவள் இல்லாவிட்டால் மற்றவற்றால் பயனில்லை. நாற்பது வயதிருக்கும். புருஷன் சைகோனுக்குக் காவல் வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளை கிடையாது. தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அவள் கையில் ஒரு தடவையாவது மூத்திரம் பெய்தவர்கள்தான்.

காலையில் உழவர்கரையிலிருந்து பால்காரர் வருவார். பிலோமினா விரலை விட்டுப் பார்த்து, அவரை ஒரு பார்வை பார்ப்பாள். பெரும்பாலும் அதுவே போதும். பாலைக் காய்ச்சுவோம். பெண்கள் மூடி போட்ட செம்பு கொண்டுவருவார்கள். அதைக் கொதிநீரில் முக்கியெடுத்து, பால் ஊற்றிக் கொடுப்போம். பால் புட்டி தருவதில்லை. புட்டியைக் கழுவுவது கஷ்டம். சங்கு போன்ற பாலாடையைக் கழுவுவது எளிது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே பார்த்து முடிவு செய்தேன்.

புதன்கிழமை எடை போடும் நாள். அங்கேதான் சண்டை.

"எம்புள்ள இன்னா வஞ்சிரமா, தூக்கித் தராசுல போட?" என்று முதல் புதன்கிழமை ஒருத்தி கேட்டாள்.

"வஞ்சிரமா இருந்தா வெல கெடைக்குமே. ஒம்புள்ளைய எவ வாங்குவா? போடு உள்ள" என்றாள் பிலோமினா, அடுப்பை ஊதிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் பிள்ளையைப் போடவில்லை. நிறுத்தால் கண்பட்டுவிடும், பிள்ளை தேறாது என்று பயம். நான் விளக்கிச் சொன்னேன். எடை ஏறினால் பால் பிடிக்கிறது, இறங்கினால் ஏதோ கோளாறு, இரண்டில் எது என்று தெரிய வேண்டாமா என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதோடு சரி.

பிலோமினா எழுந்து வந்தாள். அண்டாவின் அடியிலிருந்து கரியை வழித்து, தராசுக் கூடையின் விளிம்பில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"கண்ணு இனிமே தராசு மேல படட்டும். புள்ளைங்க மேல படாது. இப்ப போடுறியா?"

போட்டார்கள். அன்றிலிருந்து என் பெயர் தராசம்மா ஆயிற்று. என் சொந்தப் பெயர் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

ஏழுமலை

அஞ்சலைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏழுமலை அவளுடைய அக்காள் மகன். அக்காள் அவனைப் பெற்றுவிட்டு, ஜுரம் கண்டு ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் வேறு ஊரில் படகு வேலைக்குப் போனான். திரும்பி வரும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

மீன் கூடையைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை தெருத்தெருவாகப் போவாள். கேலி செய்யாதவர்கள் குறைவு.

"யாருடி இது, தாலி இல்லாம இடுப்புல புள்ள?" என்று பெஞ்சில் ஒருத்தி சீண்டுவாள்.

"கடல்ல கெடச்சிது. ஒனக்கும் வேணுமா? போயி வல வீசு."

வாய் அப்படி. ஆனால் பாலாடையை அவன் வாயில் வைக்கும்போது அவளும் சேர்ந்து வாயைத் திறப்பாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவளும் விழுங்குவாள். அது அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

மாசியில் வந்தவன் பங்குனி வரை மெல்ல மெல்ல ஏறினான். தராசின் மறுதட்டில் ஒரு சின்னக் கல்லைக் கூடுதலாக வைத்த அன்று அஞ்சலை பெஞ்சிலிருந்தவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாள். பிறகு வெயில் முற்றியது. அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான் வைத்த கல்லை எடுத்தேன். அடுத்த புதன்கிழமை இன்னொன்றை எடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, அஞ்சலை."

"அங்கயா? அங்கதான் எங்கக்காவ உட்டுட்டு வந்தேன். இவன உட மாட்டேன்."

"இது வேறு. தொடையில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றுவார்கள். நானும் கூட வருகிறேன்."

"நீ பால் குடு தராசம்மா. நான் பாத்துக்கறேன்."

பிலோமினாவும் சொல்லிப் பார்த்தாள். அஞ்சலை செம்பை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரத்தில்தான் கமிட்டியிலிருந்து ஆள் வந்தான். மானியம் புதுப்பிக்கும் காலம், மதாம் நேரில் பார்க்க வருகிறார், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் உடன் வருகிறார், புதன்கிழமை காலை.

எனக்கு மானியம் நினைவுக்கு வரவில்லை. பெரிய டாக்டர் என்ற இரண்டு சொற்கள்தான் காதில் நின்றன. அஞ்சலை ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். ஆஸ்பத்திரி அவளிடம் வருகிறது. அவர் ஏழுமலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். பார்க்க வேண்டிய குழந்தைகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் ஏழுமலை. அவனுக்குப் பின்னால் இளைத்த பிள்ளைகள் மூன்று நான்கு. தேறியவர்கள் கடைசியில் வரலாம்.

"புதன்கிழமை நீதான் முதல் ஆள். நேரத்தோடு வந்துவிடு" என்று அஞ்சலையிடம் சொன்னேன்.

அவள் பிலோமினாவைப் பார்த்தாள். பிலோமினா ஏதோ யோசனையில் இருந்தாள்.

பெண் பார்க்க வந்த கதை

இந்த இடத்தில் பிலோமினா எனக்குச் சொன்ன ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். அண்டா தேய்க்கும்போது பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவர்கள் வீட்டில் ஒன்றுமில்லை. தெரு கூடிவிட்டது. கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டுச் சங்கிலி அவள் கழுத்துக்கு வந்தது. எதிர்வீட்டுப் பசுமாடு வாசலில் கட்டப்பட்டது. தையற்காரர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கூடத்தில் மாட்டப்பட்டது. இருமிக்கொண்டே கிடந்த சித்தப்பாவைப் பாயோடு தூக்கி அடுத்த வீட்டுக் கொல்லையில் போட்டார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் போயிக்கினு இருந்திச்சி. அவங்க காப்பி குடிக்கசொல்ல தையக்காரரு விறுவிறுன்னு உள்ள வந்தாரு. யாரையும் பாக்கல. கடியாரத்துக்குச் சாவி குடுத்தாரு. போயிட்டாரு."

"அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்குமே?"

"தெரியாமயா? ஆனா அவங்க போட்டுக்கினு வந்த சட்டையும் இரவல்தாம்மா."

நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அது ஏமாற்று இல்லை. வருகிறவருக்குச் செய்யும் மரியாதை. அரியாங்குப்பத்திலிருந்து சம்பந்தி வந்தாலும், வெள்ளைக்காரர் தெருவிலிருந்து அதிகாரி வந்தாலும், நல்ல பாயை விரித்து, நல்ல பாத்திரத்தை எடுத்து, நோயாளியை உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். நம்மைப் பார்க்க வந்தவர் முகம் சுளித்துத் திரும்பக் கூடாது.

பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய என் தகப்பனார்கூட, கேப்டன் ஒருவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அன்று எதிர்வீட்டு மேசைவிரிப்பை வாங்கிப் போட்டார். அந்தக் கேப்டன் வரவேயில்லை. விரிப்பை மூன்று நாள் கழித்து, அம்மா வெளுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். பிள்ளைகளும் இரவலுக்கு வரக்கூடும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலிகளுக்கு முன்னால்

அந்தப் புதன்கிழமை கிடங்கு கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் கோலம், குருத்தோலைத் தோரணம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். மடியில் இருந்த குழந்தைகளில் பாதி தெரியாத முகங்கள். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. நெசவுத் தெருவிலிருந்தும், ஆலை மேஸ்திரி வீடுகளிலிருந்தும் வாங்கி வந்தவை என்பது பிறகு தெரிந்தது. தாய்மார்கள் மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள். சிலர் சட்டையும் சேர்த்து.

பிலோமினா சலவைச் சேலையில் அடுப்பருகே நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

கூடையில் கிடந்த பெண் ஏழுமலையை நிறுத்தேன். வைத்த கற்கள் போதவில்லை. பெட்டியின் அடியிலிருந்து, நான் ஒருநாளும் எடுத்திராத கல்லை எடுத்து வைத்தேன். மதாம் எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"வெண்ணெய்" என்றார்.

"நம்ம தர்மம் வீண்போகல" என்றார் ஜவுளி வியாபாரி, பக்கத்தில் நின்ற பெரியவர்களிடம் தமிழில்.

பெரிய டாக்டர் பைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குழந்தைக்குச் சட்டை போடும் சாக்கில் நான் குனிந்து அஞ்சலையிடம் கேட்டேன்.

"ஏழுமலை எங்கே?"

"வூட்டாண்ட. பக்கத்து வூட்டுல."

"ஏன் கொண்டுவரவில்லை?"

"அவனப் பாத்தா பால நிறுத்திடுவாங்களாம். பாலக் குடுத்தும் தேறலன்னு கோவப்படுவாங்களாம். பிலோமினாக்கா சொல்லிச்சி. எல்லாருக்கும் நின்னுடும்க்கா. பேசாத நிறு."

"எப்படி இருக்கிறான்?"

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"தேவல. ரெண்டு நாளா அழறதே இல்ல. நல்லாத் தூங்கறான்."

நீர் வற்றிய குழந்தை அழாது. அழக் கண்ணீர் வேண்டும், குரல் வேண்டும்.

நான் திரும்பி, பெரிய டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னேன். தேங்காய்த்திட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, வயிற்றுப்போக்கு, இரண்டு நாளாக அழவில்லை, இன்றே பார்க்க வேண்டும், மோட்டாரில் போனால் சீக்கிரம் போய்விடலாம்.

அவர் அன்பானவர்தான். என் பயிற்சியில் இரண்டு பாடம் எடுத்தவர். "இன்று கமிட்டியோடு மதியச் சாப்பாடு, மகளே. நாளைக் காலை என் வார்டுக்குக் கொண்டுவரச் சொல்" என்றார். கிடங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இங்கே எனக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டாய்" என்று சிரித்தார்.

மதாமும் சிரித்தார். நான் மறுபடி சொன்னேன். மதாம் என் தோளைத் தட்டி, "இந்தப் பெண்ணுக்கு எத்தனை அக்கறை" என்று வியாபாரியிடம் சொன்னார். மோட்டார் கிளம்பியது. தெருப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினார்கள்.

தேங்காய்த்திட்டு

பெண்கள் இரவல் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். நல்லபடி முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

"எப்டி?" என்று பிலோமினா என்னிடம் வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "மதாம் மொகத்தப் பாத்தியா?"

நான் சொன்னேன். எதையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். பெரிய டாக்டர் எதற்காக வந்தார் என்பதையும், ஏழுமலை ஏன் அழவில்லை என்பதையும்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைக்காமலே எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

உச்சி வெயில். தென்னந்தோப்பைத் தாண்டினால் கழிமுகத்தின் சேற்று வாடை. குடிசைகளுக்கு வெளியே கருவாடு காய்ந்தது. இரவல் பிள்ளையைப் பெஞ்சிலிருந்த ஒருத்தியிடம் விட்டுவிட்டு வந்த அஞ்சலை எங்களுக்கு முன்னால் ஓடினாள். நான் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

மோட்டார் ஒருவேளை குப்பத்துக்கும் வந்துவிட்டால் என்று, பக்கத்து வீட்டார் ஏழுமலையை வலை வைக்கும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வலைக்குவியல் மேல் பழைய சேலையை நாலாய் மடித்துப் போட்டு, மெத்தென்று படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. கண் பாதி திறந்திருந்தது.

"நல்லாத் தூங்கறான்" என்றார் கிழவர் மெல்லிய குரலில், எழுப்பிவிடப் போகிறேன் என்று பயந்து.

பாலாடையில் உப்பும் சர்க்கரையும் போட்ட வெந்நீர் கொடுத்துப் பார்த்தேன். கடைவாயில் வழிந்தது. அஞ்சலை வாயைத் திறந்து மூடினாள்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். இந்த முறை அவள் மறுக்கவில்லை.

பிலோமினா போய் எங்கிருந்தோ ஒரு புஷ்வண்டியைப் பிடித்து வந்தாள். வண்டியைத் தள்ளியவரோடு சேர்ந்து அவளும் தள்ளினாள். மணலில் சக்கரம் புதைந்த இடங்களில் அவள் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வண்டி ஊருக்குள் நுழைந்தபோது அஞ்சலை ஒரே ஒரு தடவை பேசினாள்.

"எங்கக்காவும் இந்த வழியாத்தான் போச்சு."

வார்டில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். தாமதிக்கவில்லை. தொடையில் ஊசி போட்டு நீர் ஏற்றினார். காலையில் நான் பார்த்த தொடையும் இதுவும் ஒரே நாளில் என் கண்ணில் பட்டவை. ஏற்றிய நீர் தோலுக்கடியில் மேடாக நின்றது. உடம்பு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது அந்தக் கட்டில் காலி. விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள்.

முதல் நாள் காலையிலேயே பெரிய டாக்டர் பார்த்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நான் படித்த படிப்பில் ஒன்று. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காதவள் பிலோமினா ஒருத்திதான்.

மதாமின் தாழ்வாரம்

பத்துப் பதினைந்து நாளில் கமிட்டியின் ஆள் மறுபடி வந்தான். நல்ல செய்தி என்று சொல்லித்தான் ஆரம்பித்தான். குழந்தைகளைப் பார்த்து மதாமுக்குப் பரம திருப்தி. இந்தப் பக்கத்தில் குறை தீர்ந்துவிட்டது. ஆகையால் மானியத்தை இனி அரியாங்குப்பத்துக்கு, அங்கே ஆரம்பிக்கும் பால் நிலையத்துக்குக் கொடுப்பதாக முடிவு. இந்த மாதக் கடைசி வரை இங்கே பால் வரும்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சேலையை மாற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வெள்ளைக்காரர் தெருவுக்குப் போனேன்.

மதாமின் வீட்டுத் தாழ்வாரத்தில் கடற்காற்று வந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. அன்று வந்த பிள்ளைகளில் பாதி எங்கள் பிள்ளைகள் இல்லை என்றேன்.

"பின்னே யாருடையவை?"

"அக்கம்பக்கத்தாருடையவை. அன்றைக்காக வாங்கி வந்தவை."

"என்னை ஏமாற்றவா?"

"இல்லை, மதாம். நீங்கள் முதன்முதலாக வருகிறீர்கள் என்று."

அவர் என் சர்பத் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் நோயாளிப் பிள்ளைகளைப் பார்க்கத்தானே வந்தேன்."

"அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை."

பிறகு ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். அன்று டாக்டரிடம் நான் சொன்னது அந்தக் குழந்தையைப் பற்றித்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் தம் தோள்பட்டையில் கையை வைத்துக்கொண்டார். அன்று என் தோளில் தட்டிய அதே கை. கண்ணில் நீர் வந்தது. அது பொய்யில்லை, நான் அருகில் இருந்து பார்த்தேன்.

ஆனால் முடிவு மாறவில்லை. அரியாங்குப்பத்தில் வாக்குக் கொடுத்தாயிற்று. அதோடு, பிள்ளைகளை மாற்றிக் காட்டினார்கள் என்று தெரிந்தால் வியாபாரிகள் இனி எந்த ஊருக்கும் ஒன்றும் தர மாட்டார்கள். அதனால் இது நம் இருவரோடு இருக்கட்டும் என்றார். அங்கேயும் குழந்தைகள் இருக்கின்றன, இல்லையா என்று கேட்டார்.

இருக்கின்றன. பாலத்தில் திரும்பி வரும்போது வாய்க்கால் நாற்றம் என்றைக்கும்போலத்தான் இருந்தது.

கடைசிப் புதன்கிழமை

தராசு கமிட்டியின் சொத்து. அதை அரியாங்குப்பத்துக்குக் கொண்டுபோக வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலையும் பால் காய்ச்சினோம். வந்த குழந்தைகளை நிறுத்தேன். அன்று எல்லோரும் சொந்தப் பிள்ளைகளையே கொண்டுவந்திருந்தார்கள். இனி எங்கே போவது என்று என்னைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றேன். சிலர் தலையாட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு பிலோமினா தராசைத் துடைத்தாள். கூடை, சங்கிலி, தட்டு. விளிம்பில் இருந்த கரிப்பொட்டை மட்டும் துடைக்கவில்லை.

"அங்க இருக்கற புள்ளைங்களுக்கும் ஆவும்" என்றாள். அந்த நாட்களில் அவள் தானாகப் பேசியது அதிகமில்லை. கொஞ்சம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "நான் நல்லதுன்னுதாம்மா செஞ்சேன்" என்றாள்.

"தெரியும் அக்கா."

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இடுப்பு வெறுமையாக இருந்தது. ஆனாலும் பிள்ளை இருப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள். பிலோமினா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அஞ்சலை போய் அவள் பக்கத்தில், அடுப்பு மேட்டை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தராசம்மா" என்றாள். "கடசியா நிறுத்தியே, அன்னிக்கு அவன் எவ்ளோ இருந்தான்?"

சொன்னேன்.

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. எந்தக் கல்லு வெச்சே, காட்டு."

மரப்பெட்டியைத் திறந்து, அவனுக்கு வைத்த பித்தளைக் கற்களை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தேன். பெரியது ஒன்று, நடுத்தரம், சின்னவை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூடினாள். கீழே ஒரு கையும் மேலே ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்ளோதானா இருந்தான்" என்றாள் பிறகு. "தூக்கிக்கினு நடக்கசொல்ல நெறைய இருந்தாப்புல இருக்கும்."

வண்டி வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வந்தவன் தராசைத் தூக்கி வைத்துவிட்டு, கல் பெட்டியைக் கேட்டான். அஞ்சலை தலைப்பை விலக்கிக் கற்களை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன்.

எல்லாக் கற்களும் சூடாக இருந்தன.